பதினேழாம் இருக்கையின் பூ

ஒரு வீட்டுக்குள் நான்கு வருடங்களில் முப்பது பீங்கான் தட்டுகளும் பதினொரு கோப்பைகளும் இரண்டு தேநீர்க் கெண்டிகளும் வந்து சேர்ந்தால், அங்கே விருந்து ஓய்வதே இல்லை என்றுதான் எவரும் நினைப்பார்கள். கோட்டுக்காரியின் வீட்டிலோ அவற்றுள் ஒன்றின்மீதுகூட ஒரு ரொட்டித் துணுக்கு விழுந்ததில்லை. கணவனும் மனைவியும் எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டார்கள்; பீங்கான் தட்டுகள் கண்ணாடி அலமாரிக்குள் சாய்ந்து நின்று அதை வேடிக்கை பார்த்தன.

கோட்டுக்காரி என்ற பெயர் அவளுக்கு ஆலையில் வந்தது. ஆற்றையொட்டி இருந்த பீங்கான் ஆலையில் இருபத்தாறு வருடம் தட்டுகளுக்கு விளிம்புக் கோடு போட்டவள் அவள். தட்டைச் சிறு சுழல்மேடையில் நடுப்பிசகாமல் வைத்து, இடக்கையால் மேடையைச் சுண்டிவிட்டு, வலக்கையிலுள்ள தூரிகையை மூச்சை அடக்கிக்கொண்டு ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். நகர்வது தட்டு, தூரிகை நகரக் கூடாது. ஒரே சுற்றில், தொடங்கிய இடத்துக்கே வந்து கோடு முடிய வேண்டும். தூரிகையிலுள்ள தங்கக் குழம்பு சூளைக்குப் போகும்வரை தேயிலைச் சக்கையின் நிறத்தில் இருக்கும். வெந்து வெளியே வந்த பிறகுதான் பொன்னாகும். ஒரு நாளைக்கு முந்நூறு தட்டுகள் போட்டிருக்கிறாள். ஆனால் கோட்டைப் பார்த்து, ‘இது யார் கை?’ என்று எவரும் கேட்டதில்லை. தட்டைக் கவிழ்த்தால், ஆலை முத்திரைக்குக் கீழே, பூ வரைந்தவளின் எண் நீலத்தில் இருக்கும். கோட்டுக்கு எண் கிடையாது.

அவள் கணவர் அதே ஆலையில் இருபத்தெட்டு வருடம் சூளை பார்த்தவர். சூளைக்காரர் என்ற பெயர் ஓய்வுபெற்ற பின்பும் அவரை விடவில்லை. ரொட்டிக் கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் அதுவே நிலைத்துவிட்டது. ஞாயிறுதோறும் பழைய சாமான் சந்தைக்குப் போவார். வீடு காலி செய்தவர்களின் பெட்டிகளைக் கிளறி, அந்த ஆலையின் கைவண்ணத் தட்டுகளைத் தேடுவார். ஒன்று கிடைத்தால் விரல் நகத்தால் சுண்டிக் காதருகே வைத்து, விரிசல் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் வாங்குவார். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் கழுவி மென்துணியால் ஒற்றியெடுப்பார். அந்தத் துணி தட்டின்மேல் போகிற பதத்தைப் பார்க்கும்போதெல்லாம், தான் காய்ச்சலில் கிடந்த நாட்களில் அதே கை தன் நெற்றியில் எப்படி விழுந்தது என்பது கோட்டுக்காரிக்கு நினைவு வரும். எறும்பு இருக்கிறதா என்று சர்க்கரை டப்பாவைத் தட்டிப் பார்ப்பதுபோல விழுந்தது.

முதல் வருடம் அதைப் பொழுதுபோக்கு என்று விட்டுவிட்டாள். இரண்டாம் வருடம், அவர் பல் மருத்துவரிடம் போயிருந்த ஒரு முற்பகலில், அலமாரியைத் திறந்து ஒவ்வொரு தட்டாகக் கவிழ்த்துப் பார்த்தாள். பதினேழு. அடுத்ததும் பதினேழு. கோப்பையின் அடியில் பதினேழு. கெண்டியின் அடியில், நுணுக்கி எழுதிய பதினேழு.

அது யார் என்று அவளுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பூ அறையில் ஜன்னலோரம் பதினேழாம் இருக்கையில் உட்கார்ந்திருந்தவள். ஆலை முழுக்க அவளைப் ‘பதினேழு’ என்றே அழைத்தார்கள். பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு, தூரிகைக் காம்பைப் பல்லில் கடித்தபடி சிரிப்பாள். சூளைக்கூடத்து ஆண்கள் வேலையே இல்லாமல் மாடிப்படி ஏறி வந்தது அந்தச் சிரிப்புக்காகத்தான் என்று கோட்டுக்காரி அப்போதே கணக்கிட்டு வைத்திருந்தாள்.

“அம்மா, ஒரே ஆள் வரைஞ்சதாப் பாத்துச் சேத்தா அதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கும். அவ்வளவுதான் விஷயம்,” என்றாள் மகள். இரண்டு தெரு தள்ளி இருந்தாள். வாரம் ஒருமுறை வந்து தாயின் குறைகளைக் கேட்டுவிட்டுப் போவது அவளுடைய கடமைகளுள் ஒன்று.

“அம்பது பேர் பூப் போட்ட ஆலையில உங்கப்பாவுக்கு இந்த ஒரு எண்தான் கண்ணுல பட்டுதா?”

“அம்பது பேரோடதும் சேத்தா இந்த வீட்டுல நீ நிக்க இடம் இருக்காது. அது பரவாயில்லையா?”

“பரவாயில்லை. அப்ப அது பைத்தியம்னு விட்டுடலாம். பைத்தியத்தோட குடித்தனம் பண்ணலாம். இது பைத்தியம் இல்லடி.”

“பின்ன என்ன?”

கோட்டுக்காரி உருளைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். சீவல் அறுபடாமல் ஒரே நாடாவாக இறங்கியது. “உனக்கு வயசு பத்தாது,” என்றாள்.

“எனக்கு நாப்பத்தொண்ணும்மா.”

“அதான் சொல்றேன்.”

“அறுபத்தாறு வயசுல பொறாமைப்படறியே, ஊரு சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். ஊரா உங்கப்பாவுக்குச் சமைச்சுப் போடுது?”

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் முப்பத்தொன்றாவது தட்டு வந்தது. சூளைக்காரர் குடையை மடக்கக்கூட இல்லை. சட்டைக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்த பொட்டலத்தை மேஜையில் வைத்துச் செய்தித்தாளைப் பிரித்தார். கொடியில் காயாமல் தொங்கிய துணிகளை ஒதுக்கிக்கொண்டு கூப்பிட்டார்.

“இங்க வா. அந்த வேலையைப் போட்டுட்டு வா.”

“மறுபடியும் அவளா?”

“அவதான். ஆனா இப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்லை. இந்தப் பூவைப் பாரு. அஞ்சு இதழும் ஒரே பக்கமாச் சாயுது பாரு. காத்து அடிக்குது இதுல. தட்டுக்குள்ள காத்து. எத்தனை ஆயிரம் தட்டைச் சூளையில ஏத்தி இறக்கியிருப்பேன், இப்படி ஒரு பூவை வேற எவளும் போட்டதில்லை. அந்த ஒரு கைதான் போடும்.”

கோட்டுக்காரி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்தாள். நீலப் பூ. ஐந்து இதழ்கள். ஒரு மொட்டு. அவளுக்குக் காதோரம் சூடாயிற்று. தட்டைக் கவிழ்த்துப் பார்த்தாள். பதினேழு என்று எழுதியிருந்த ஏழின் இடுப்பில் ஒரு சிறு குறுக்குக் கோடு இருந்தது. ஏழுக்கு அப்படிக் கோடு போடுகிறவள் கோட்டுக்காரிதான்.

முப்பத்துமூன்று வருடத்துக்கு முந்தைய சங்கதி அது. ஆலையில் எண் ஆளுக்கு அல்ல, இருக்கைக்கு. ஓர் இருக்கை முப்பது நாளுக்கு மேல் சும்மா கிடந்தால் அதை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆகையால் பூ அறைப் பெண்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி பிள்ளைப்பேற்றுக்குப் போனால், மற்றொருத்தி தன் வேலையை முடித்துவிட்டு மாலையில் அந்த இருக்கையில் உட்கார்ந்து, அந்த எண்ணையே இட்டுப் பத்துப் பதினைந்து தட்டாவது வரைந்து வைப்பாள். மேற்பார்வைக்காரம்மா கண்டுகொள்ள மாட்டாள். மேலாளருக்குத் தெரிந்தவை எண்கள் மட்டுமே. சூளைக்கூடத்து ஆண்களிடம் மூச்சு விடக் கூடாது என்பது விதி. அவர்களுக்குத் தெரிந்தால் அன்று மாலைக்குள் மேலாளருக்கும் தெரிந்துவிடும்.

பதினேழு முதல் பிள்ளைக்குப் போனபோது, “அக்கா, என் இடம் போயிடும். நீங்கதான் பாத்துக்கணும்,” என்று கோட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மற்ற பூ அறைப் பெண்கள் அப்போது வேறு இருக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோட்டுக்காரி மூன்று மாதம் பார்த்துக்கொண்டாள். பூப் போடுகிறவர்கள் தட்டை அசையாமல் வைத்துக் கையை வளைப்பார்கள். அசையாமல் நிற்கப் பழகிய அவள் கைக்கு அது வரவில்லை. இரண்டு நாள் தட்டுகளை அழித்து அழித்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் தன் சுழல்மேடையையே தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் வைத்தாள். தூரிகையை நிறுத்தினாள், தட்டைத் திருப்பினாள். இதழ்கள் எல்லாம் தட்டு போன திசைக்கே சாய்ந்தன. பிள்ளை பெற்றுத் திரும்பிய பதினேழு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் முகம் கொடுத்துப் பேசியதும் இல்லை.

“என்ன பேச்சையே காணோம்?” என்றார் சூளைக்காரர்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள் கோட்டுக்காரி.

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இன்று சொன்னால், பதினேழுக்குப் போட்டியாகத் தானும் ஒன்று இட்டுக்கட்டுவதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார். புகழ்ந்தது தன் பூவை. புகழ் போய்ச் சேர்ந்தது அவளுக்கு. அதைத் தான் கேட்டு வாங்குவதா? அன்று முதல் அந்தத் தட்டு அலமாரியின் நடு அடுக்கில் நின்றது. சாப்பிடும்போது அவர் கண் அங்கே போய்வந்தது. இதுநாள்வரை அவள் இன்னொருத்தியின் பூக்களைப் பார்த்து எரிந்தாள். இப்போது தன் பூவைப் பார்த்து, அதன்மேல் இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாளே என்று எரிந்தாள். எது மோசம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

பத்து நாளில் சூளைக்காரர் இன்னொரு செய்தி கொண்டுவந்தார். ஆலையில் பொட்டலம் கட்டிய பழைய ஆள் ஒருவரைச் சந்தையில் பார்த்தாராம். பதினேழு பக்கத்து நகரத்தில் மகனோடு இருக்கிறாளாம்.

“ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். தன் கையால போட்டதை அவங்க பாக்க வேண்டாமா?”

குதிப்பாள் என்று எதிர்பார்த்து அவர் ஒரு காலைப் பின்னால் வைத்திருந்தார். கோட்டுக்காரி, “வரட்டும்,” என்றாள். அந்தத் தட்டைப் பார்த்தால் பதினேழுக்குத் தெரியாமல் போகாது. தன் கையையும் பிறர் கையையும் அறியாத பூக்காரி உலகத்தில் இல்லை. ‘இது நான் போட்டது இல்லை, அக்கா போட்டது’ என்று அவள் வாயால் வரட்டும். அவர் காதால் கேட்கட்டும். அதற்காக எத்தனை கோப்பைத் தேநீர் வேண்டுமானாலும் போட்டுக் கொடுக்கலாம்.

ஞாயிறன்றும் மழை விடவில்லை. சூளைக்காரர் சட்டையைத் தாமே இஸ்திரி போட்டார். நாற்காலிகளைத் துடைத்தார். அதன் பிறகு கண்ணாடி அலமாரியைத் திறந்து, மூன்று கோப்பைகளையும் ஒரு கெண்டியையும் எடுத்துவந்து அடுப்படியில் வைத்தார்.

“இதுல குடு.”

“நமக்கு எவர்சில்வரு, அவளுக்குப் பீங்கானா?”

“உனக்கும்தான் ஒண்ணு எடுத்திருக்கேன்.”

“எனக்கு வேண்டாம். சூடு ஆறிடும்.”

பதினேழு மூன்று மணிக்கு வந்தாள். பருத்திருந்தாள். முழங்கால் வலியோடு படியேறி, கயிற்றில் தொங்கிய கண்ணாடியைப் புடவை முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பின்னல் இருந்த இடத்தில் ஒரு சிறு கொண்டை. கோட்டுக்காரிக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. இவள் இன்னும் அழகாக இருந்திருந்தால், மூன்று வருடம் எரிந்ததற்கு ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும்.

“எப்படி இருக்கீங்கக்கா?”

“இருக்கேன். உக்காருங்க. பிஸ்கட் எடுத்துக்குங்க.”

சூளைக்காரர் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். பதினேழு ஒவ்வொன்றையும் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“இது நான் போட்டது. இந்த இலையைப் பாருங்கண்ணே, நடுங்கியிருக்கா? அன்னிக்கு எனக்குப் பல்லு வலி. இது என் ரெண்டாவது பையன் வயித்துல இருந்தப்ப. டர்பன்டைன் வாடை ஆகாது எனக்கு. வாந்தி எடுத்துட்டு வந்து வந்து போட்டேன்.”

“பாத்தா அப்படித் தெரியலையே. பூ சிரிக்குதே,” என்றார் சூளைக்காரர்.

“பூவுக்கென்ன, அதுவா வாந்தி எடுத்துச்சு?”

இருவரும் சிரித்தார்கள். அவர் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று கோட்டுக்காரி அடுப்படி வாசலில் நின்று எண்ணினாள். தேநீரில் சர்க்கரையைத் தேவைக்கு மேல் கலக்கினாள்.

கடைசியாகச் சூளைக்காரர் நடு அடுக்கிலிருந்து அந்தத் தட்டை எடுத்தார். “இதைத்தான் உங்ககிட்டக் காட்டணும்னு இருந்தேன்.”

பதினேழு வாங்கிப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கவிழ்த்து எண்ணைப் பார்த்தாள். ஏழின் இடுப்பிலிருந்த கோட்டின்மீது அவள் கட்டைவிரல் ஒருமுறை போய்வந்தது. கோட்டுக்காரி மூச்சை அடக்கிக்கொண்டாள்.

“இதுவும் என்னுதுதான்,” என்றாள் பதினேழு.

மழை ஓட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது. “எனக்குத் தெரியும். வேற யாரால முடியும்?” என்றார் சூளைக்காரர்.

“அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? நான் போட்டது ஒண்ணுகூட என்கிட்ட இல்லை. இதுல ஒரே ஒரு தட்டு எனக்குத் தர முடியுமா?”

“தாராளமா. எது வேணும் சொல்லுங்க.”

“இது.”

அவர் முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு பெரிய மனம் வந்து விரிந்தது. “உங்க பொருளு. உங்களுக்கு இல்லாததா?” என்று பொட்டலம் கட்டச் செய்தித்தாள் எடுக்கத் திரும்பினார்.

“அதைக் குடுக்க முடியாது,” என்றாள் கோட்டுக்காரி.

“என்ன பேசறே?”

“வேற எதை வேணா எடுத்துக்கட்டும். முப்பதையும் எடுத்துக்கட்டும். நானே கட்டிக் குடுத்து வண்டி பிடிச்சு ஏத்தி விடறேன். அது போகாது.”

“மூணு வருஷமா இதையெல்லாம் தூக்கிக் குப்பையில போடுன்னு சொன்னவளே நீதான்.”

“சொன்னேன். இந்த ஒண்ணை மட்டும் சொல்லலை.”

“வந்தவங்க முன்னால எதுக்கு இப்படி…”

“அது நான் போட்டது.”

சூளைக்காரர் சிரித்தார். கேலியாக அல்ல, குழந்தையைச் சமாதானப்படுத்துகிறவர்போல. “கோடுதானே? கோடு நீ போட்டதுதான். யாரு இல்லைன்னா?”

“கோடு இல்லை. பூ.”

சொல்லிவிட்டு அவரைப் பார்க்காமல் பதினேழைப் பார்த்தாள். இதுவரை காத்துவந்த மரியாதை அவள் பேச்சிலிருந்து கழன்று விழுந்தது. “நீ சொல்லு. மூணு மாசம் உன் இடத்துல யாரு உக்காந்தா, சொல்லு.”

பதினேழு கண்ணாடியைக் கழற்றினாள். கயிற்றில் அது ஆடி நின்றது.

“ஆமாண்ணே,” என்றாள். “அக்கா போட்டதுதான். அதனாலதான் கேட்டேன்.”

சூளைக்காரர் செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பதினேழு அவரிடம் அல்ல, கோட்டுக்காரியிடம் பேசினாள்.

“நான் திரும்பி வந்த அன்னிக்கு மேலாளர் நீங்க போட்ட தட்டு ஒண்ணைத் தூக்கிட்டு வந்து என் மேஜையில வச்சாரு. ‘பதினேழு, இப்பத்தான் உனக்குக் கை வந்திருக்கு, இனிமே இப்படியே போடு’ன்னாரு. நான் என்ன சொல்ல முடியும்? உண்மையைச் சொன்னா ரெண்டு பேரு இடமும் போச்சு. போட்டுப் பாத்தேங்க்கா. எத்தனை தட்டை அழிச்சேன் தெரியுமா? குழந்தைக்குப் பால் குடுக்கும்போதுகூட விரலை ஆட்டி ஆட்டிப் பாப்பேன். அந்தச் சாய்வு வரவே இல்லை. ரெண்டு மாசத்துல அவரு கேக்கறதை விட்டுட்டாரு. நான் விடலை. என் இடத்தைக் காப்பாத்திக் குடுத்தவங்க நீங்க. உங்க மூஞ்சியைப் பாத்தாலே எனக்கு எரியும்.”

“அதான் பேசாம இருந்தியா?”

“பேசினா வேற ஏதாவது வாயில வந்துடும்னுதான்.”

“இப்ப கொண்டுபோய் என்ன பண்றதா இருந்தே?”

பதினேழு யோசித்தாள். “தெரியலை. உடைச்சாலும் உடைச்சிருப்பேன்.”

கோட்டுக்காரி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். சூளைக்கூடத்து ஆண்கள் எல்லாம் மாடியேறி வந்து பார்த்த ஒருத்தி, தன்னைப் பார்த்து முப்பத்துமூன்று வருடம் எரிந்திருக்கிறாள். இந்தச் செய்தியைக் கேட்டு மகிழக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். மகிழ்ச்சி அதைக் கேட்டுக்கொள்ளவில்லை; வயிற்றில் வெந்நீர்போல இறங்கியது.

“எப்படிக்கா போட்டீங்க?” என்றாள் பதினேழு.

“எனக்குக் கையை வளைக்க வராது. சுழல்மேடையில வச்சுத் தட்டைத்தான் திருப்பினேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“அடப்பாவி அக்கா. நான் கையை மாத்தி, தூரிகையை மாத்தி, ஜன்னலைக்கூடச் சாத்திப் பாத்தேன்.” பதினேழு சிரிக்கத் தொடங்கினாள், சிரிப்பு பாதியில் இருமலாயிற்று. கோட்டுக்காரி ஆறிப்போன தேநீரை எடுத்துப் போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்தாள்.

பல் வலித் தட்டை எடுத்துக்கொண்டு பதினேழு புறப்பட்டாள். அதைக் கோட்டுக்காரியே இரண்டு மடிப்புச் செய்தித்தாளில் கட்டி, நூல் சுற்றிக் கொடுத்தாள். படியில் இறங்கும்போது கையும் பிடித்துவிட்டாள். பேருந்து நிறுத்தம்வரை போய்விட்டு வருகிறேன் என்று சூளைக்காரர் சொல்லவில்லை. பதினேழின் மகன் வண்டியோடு தெருமுனையில் நின்றிருந்தான்.

திரும்பி வந்தபோது சூளைக்காரர் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தத் தட்டு. பார்த்துக்கொண்டே இருந்தார். வந்த நாளில் பார்த்த அதே பார்வை; கூடுதலாக ஏதோ ஒன்று.

“வாங்கிட்டு வந்த அன்னிக்கே ஏன் சொல்லலை?” என்றார்.

“சொல்லியிருந்தா, தட்டுக்குள்ள காத்து அடிக்குதுன்னு சொல்லியிருப்பீங்களா?”

அவர் தட்டைப் பார்த்தார். விரல் இதழோரத்தில் போய்க்கொண்டிருந்தது.

“தட்டைப் பாத்துச் சொல்லாதீங்க,” என்றாள் கோட்டுக்காரி. “என்னைப் பாத்துச் சொல்லுங்க.”

சூளைக்காரர் தட்டை மேஜையில் வைத்தார். நிமிர்ந்தார். நாற்பத்துமூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு இப்படி நேருக்கு நேர் பார்ப்பது இருவருக்குமே கூச்சமாக இருந்தது. இருந்தும் அவள் கண்ணை எடுக்கவில்லை. அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அந்தக் குறையால் ஆலையில் இரண்டு முறை பதவி உயர்வை இழந்தவர்.

“மாட்டேன்,” என்றார் கடைசியில். “கோடு போடறவ எதுக்குப் பூவுக்குப் போனான்னு கேட்டிருப்பேன். இதழெல்லாம் ஒரே பக்கமாச் சாஞ்சிருக்கேன்னு குத்தம் சொல்லியிருப்பேன்.”

வலித்தது. ஆனால் அது வேறு யாருக்கும் போய்ச் சேராமல் நேராக அவளிடமே வந்தது. கோட்டுக்காரி மேஜைமேல் கிடந்த பிஸ்கட் தூளைக் கையால் கூட்டி எடுத்து வெளியே கொட்டிவிட்டு வந்தாள். நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டுக்கொண்டு, வேலை எல்லாம் முடிந்தவள்போல நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“சரி,” என்றாள். “இப்ப சொல்லுங்க, அந்தக் காத்தைப் பத்தி.”